எங்கள் வீட்டு 60 நாள் கணக்கு: சிக்கனம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் எங்கள் வீட்டில் ஐந்து பேர். நான், கணவர், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள், அத்தை. நான்கு வருடமாக வீட்டுச் செலவை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். அந்த நோட்டைப் பார்த்தவர்கள், அதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் என்று சொந்தத்திலும் தெருவிலும் பலர் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

சிக்கனம் என்றால் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்வதுதானே?

இல்லை. முதல் ஆறு மாதம் நானும் அப்படித்தான் நினைத்தேன். பிள்ளைகளுக்கு வாங்கும் பழத்தைக் குறைத்தேன். வாரம் ஒரு முறை எடுக்கும் மீனை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆக்கினேன். வீட்டில் எல்லோருக்கும் முகம் வாடிப்போனது. மாதக் கடைசியில் கையில் பெரிதாக ஒன்றும் நிற்கவில்லை. அப்புறம் நோட்டை நிதானமாகப் புரட்டியபோதுதான் ஒன்று புரிந்தது. ஆசைப்பட்டு வாங்குகிற பொருளில் பணம் அவ்வளவாகப் போகவில்லை. யோசிக்காமல் தினமும் செய்கிற காரியத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டே இருந்த ஃபேன், மூடாமல் கொதித்த பாத்திரம், இரண்டு தெரு தள்ளிப் போகவும் எடுத்த வண்டி, மாவு பாக்கெட், தண்ணீர் கேன். இவற்றை மாற்றினால் யாருடைய சாப்பாட்டிலும் கை வைக்க வேண்டியதில்லை. இப்போது மீன் பழையபடி வாரா வாரம் உண்டு.

கணக்கை ஏன் 60 நாளுக்கு எழுதுகிறீர்கள்? மாதாமாதம் எழுதக்கூடாதா?

தமிழ்நாட்டில் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருகிறது. எங்கள் கணக்கும் அதோடு சேர்ந்து நடந்தால் பில்லையும் நோட்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். மாதக் கணக்கில் ஒரு மாதம் சிலிண்டர் இருக்கும், அடுத்த மாதம் இருக்காது. ஒரு மாதம் கல்யாணம் வரும், அடுத்த மாதம் வராது. 60 நாளில் இந்த ஏற்ற இறக்கம் கொஞ்சம் சமமாகிவிடும். கணக்கெடுப்பவர் வந்து ரீடிங் எடுக்கும் நாள்தான் எங்களுக்குப் புதுக் கணக்கு தொடங்கும் நாள்.

கரண்ட் பில்லில் அப்படி என்ன பெரிதாக மிச்சம் பிடிக்க முடியும்?

நான் கண்ட பெரிய மிச்சமே அங்கேதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 500 யூனிட்டைத் தாண்டினால் முந்தைய யூனிட்டுகளின் விலையும் மாறிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. 2022 செப்டம்பரில் அறிவித்த கட்டணத்தை வைத்துச் சொல்கிறேன். அதற்குப் பிறகு விலை கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனால் யூனிட் கூடக்கூட விலை ஏறும் படிக்கட்டு இதே மாதிரிதான். 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். சரியாக 500 யூனிட் ஓடினால் பில் 1,725 ரூபாய். இதுவே 510 யூனிட் ஆனால் அந்த 2.25 ரூபாய்ச் சலுகை போய்விடும். 101 முதல் 400 வரை எல்லாம் 4.50, 401 முதல் 500 வரை அதே 6, 500க்கு மேல் யூனிட்டுக்கு 8 ரூபாய். மொத்தம் 2,030. ஆக, கடைசி 10 யூனிட்டுக்கு நாம் கொடுத்தது 305 ரூபாய். யூனிட்டுக்கு 30 ரூபாய்க்கும் மேல்!

இது தெரிந்த பிறகு நான் செய்தது ஒன்றுதான். ரீடிங் எடுத்த அன்றே மீட்டரில் உள்ள எண்ணை காலண்டரில் எழுதிவிடுவேன். 500ஐ 60ஆல் வகுத்தால் நாளுக்கு எட்டு யூனிட்டும் கொஞ்சமும். முப்பதாவது நாள் மறுபடி மீட்டரைப் பார்ப்பேன். 250க்குள் இருந்தால் நிம்மதி. 280 தாண்டியிருந்தால் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுவேன். அதற்கப்புறம் பிள்ளைகளே ஸ்விட்சை அணைக்க ஓடுவார்கள். பெரியவனுக்கு மீட்டர் பார்ப்பது ஒரு பொறுப்பு என்று ஆகிவிட்டது. அவன் பார்க்க மறந்த மாதம் எதுவும் எனக்கு நினைவில்லை.

ஃபேனை மாற்றினால் கரண்ட் மிச்சம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஆனால் எல்லா ஃபேனையும் மாற்ற வேண்டாம். பழைய சாதாரண ஃபேன் முழு வேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. ஃபேன், அதாவது குறைந்த கரண்டில் ஓடும் புதுவகை மோட்டார் வைத்த ஃபேன், 30 வாட் பக்கம். நாளுக்கு 15 மணி நேரம் ஓடும் ஃபேன் என்றால் 60 நாளில் 67 யூனிட் செலவழிந்த இடத்தில் 27 யூனிட் ஆகும். 40 யூனிட் மிச்சம். 4.50 ரூபாய் படியில் இருப்பவருக்கு ஒரு பில்லுக்கு 180 ரூபாய். ஃபேன் விலை இரண்டாயிரத்து ஐந்நூறிலிருந்து மூவாயிரத்து ஐந்நூறு வரை இருக்கிறது. போட்ட காசு திரும்ப இரண்டு மூன்று வருடம் ஆகும். 500ஐத் தொட்டுத் தாண்டிக்கொண்டிருக்கும் வீடு என்றால் இன்னும் சீக்கிரமே திரும்பிவிடும்.

நாங்கள் ஹாலிலும் அத்தை அறையிலும் மட்டும் மாற்றினோம். அந்த இரண்டும்தான் நாள் முழுக்க ஓடுபவை. நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடும் ஃபேனை மாற்றினால் அந்தக் காசு திரும்பி வரவே பல வருடம் ஆகும்.

ஏ.சி. வைத்திருக்கிறோம். அதைத் தூக்கிப் போடவா?

வேண்டாம். மதுரையில் கத்திரி வெயிலில் ராத்திரித் தூக்கம் இல்லாமல் மறுநாள் வேலைக்குப் போவது கஷ்டம். வெப்பநிலையை ஏற்றி வையுங்கள், போதும். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் ஆறு சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. 2020 ஜனவரியிலிருந்து புதிய ஏ.சி.க்கள் தொடங்கும்போதே 24 டிகிரியில் இருக்க வேண்டும் என்று விதியும் வந்தது. எங்கள் வீட்டில் 26 வைத்து, ஃபேனை மெதுவாகச் சுழலவிடுகிறோம். வித்தியாசமே தெரியவில்லை.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது மொட்டை மாடியில் இருக்கிறது. மாசிக் கடைசியில் மாடித் தரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். பகல் வெயில் தளத்தில் இறங்குவது குறையும். எங்கள் மேல் அறையில் ஏ.சி. போடும் நேரம் ராத்திரி எட்டு மணியிலிருந்து பத்துக்குத் தள்ளிப் போனது.

கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது? அதில் என்ன செய்தீர்கள்?

முன்பு 14.2 கிலோ சிலிண்டர் முப்பத்தைந்து நாள் வந்தது. இப்போது நாற்பத்தைந்தைத் தொடுகிறது. செய்ததெல்லாம் அத்தைக்கு முன்பே தெரிந்த வேலைகள்தான். கொண்டைக்கடலை, மொச்சை, துவரம்பருப்பு எல்லாம் ஊறிய பிறகே அடுப்பேறும். குக்கரில் ஒரே நேரத்தில் கீழே பருப்பு, மேல் தட்டில் சோறு. முதல் விசில் வந்ததும் சிம். எந்தப் பாத்திரமும் மூடி இல்லாமல் கொதிக்காது. ஃபிரிட்ஜில் இருந்த பாலையோ மாவையோ அரை மணி நேரம் முன்பே வெளியில் எடுத்து வைத்துவிடுவோம். தீ மஞ்சளாக எரிந்தால் பர்னரைக் கழற்றிக் கழுவுவோம். நீலமாக எரிந்தால்தான் சூடு முழுசாகப் பாத்திரத்துக்குப் போகும்.

அத்தை குளிக்க வெந்நீர் வேண்டும். பத்து மணிக்கு ஒரு அண்டா தண்ணீரை மூடி மாடி வெயிலில் வைத்துவிட்டால் இரண்டு மணிக்கு இதமான சூட்டில் இருக்கும். காலையில் குளிக்கும் பழக்கத்தை அத்தை மதியத்துக்கு மாற்றிக்கொண்டார். அவராக முன்வந்து மாற்றியது அது. மார்கழியில் மட்டும் அடுப்பு வெந்நீர்தான்.

இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறினால் லாபமா?

எல்லோருக்கும் லாபம் இல்லை. ஒரு சிலிண்டர் செய்யும் சமையலை இண்டக்‌ஷனில் செய்ய ஏறத்தாழ 130 யூனிட் மின்சாரம் வேண்டும். யூனிட் 4.50 என்றால் 585 ரூபாய். இன்றைய சிலிண்டர் விலையோடு ஒப்பிட்டால் நல்ல மிச்சம். ஆனால் 60 நாளில் ஒன்றரை சிலிண்டர் ஆகும் வீட்டுக்கு 200 யூனிட் கூடும். உங்கள் வீடு ஏற்கெனவே 350, 400 யூனிட்டில் இருந்தால் அது உங்களை 500க்கு மேல் தள்ளிவிடும். அப்போது மிச்சம் போய் நஷ்டம் வரும். 200 யூனிட்டுக்குள் இருக்கும் சின்னக் குடும்பம், தனியாக இருக்கும் பெரியவர்கள் தாராளமாக மாறலாம். நாங்கள் மாறவில்லை. பால் காய்ச்ச, டீ போட மட்டும் ஒன்று வைத்திருக்கிறோம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதையெல்லாம் எப்படிச் செய்வது?

வாடகை வீட்டில் இது இன்னும் முக்கியம். பல இடங்களில் வீட்டுக்காரர் துணை மீட்டர் வைத்து, எத்தனை யூனிட் ஓடினாலும் ஒரே விலை, எட்டோ பத்தோ, வாங்கிவிடுகிறார். அப்படி என்றால் நீங்கள் அணைக்கும் ஒவ்வொரு யூனிட்டும் அத்தனை ரூபாய். ஃபேனை நீங்களே வாங்கி மாட்டிக்கொண்டு, வீடு மாறும்போது பழையதை மாட்டிவிட்டு உங்களுடையதைக் கழற்றிக்கொண்டு போகலாம். முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிறகு மனஸ்தாபம் வராது.

காய்கறி, மளிகை?

மதுரைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி. 1999 நவம்பர் 14 அன்று தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை தொடங்கியதே இங்கே அண்ணா நகரில்தான். அங்கே விவசாயி தரகு கொடுப்பதில்லை, கடைக்கு வாடகை கொடுப்பதில்லை. அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். நாம் குறைந்த விலைக்கு வாங்கினாலும் விளைவித்தவருக்கு நஷ்டம் இல்லை என்பதால் எனக்கு அங்கே வாங்குவதில் ஒரு மன நிறைவு உண்டு. வாரம் இரண்டு நாள், காலை ஆறரைக்கு என் கணவர் போகிறார். என்ன வாங்க வேண்டும் என்று நான் எழுதிக் கொடுப்பதில்லை. எது மலிந்து கிடக்கிறதோ அதுதான் அந்த வாரக் குழம்பு. முருங்கை மலியும் காலத்தில் முருங்கை, சுரைக்காய் மலியும் காலத்தில் சுரைக்காய். சமையலைக் காய்க்கு ஏற்ப மாற்றிக்கொண்டதில்தான் மிச்சம், பேரம் பேசுவதில் இல்லை.

ரேஷனில் வரும் புழுங்கல் அரிசியை இட்லி மாவுக்குப் போடுகிறோம். 30 ரூபாய்த் துவரம்பருப்பும் 25 ரூபாய் பாமாயிலும் வாங்குகிறோம். ரேஷன் வாங்குவதில் என்ன கூச்சம்? அது நமக்கான பொருள்.

பழைய சோறும் சின்ன வெங்காயமும் கோடையில் எங்கள் காலைச் சாப்பாடு. அடுப்பே பற்ற வைக்காத காலை அது. ராத்திரிச் சோறு வீணாகவில்லை, வயிறும் குளிர்ந்திருக்கிறது.

மாவு அரைக்க நேரமில்லை. பாக்கெட் மாவு வாங்கினால் தப்பா?

தப்பே இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் எல்லோரும் பெண்கள் என்பதை இங்கே சொல்லியே ஆக வேண்டும்.

மாற்று வாழ்க்கை, பாரம்பரிய வாழ்க்கை என்று பேசும்போது அதன் வேலை முழுவதும் வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது. மாவு அரைப்பது, வடகம் போடுவது, சீயக்காய் இடிப்பது, துணி நாப்கின் துவைப்பது, பை தைப்பது. அவள் இரண்டு மணி நேரம் கூடுதலாக உழைத்து 60 ரூபாய் மிச்சம் பிடித்தால் வீட்டுக் கணக்கில் அது லாபம். அவளுடைய கணக்கில்? முதல் வருடம் எனக்கு இடுப்பு வலி வந்து ஒரு வாரம் படுத்தபோதுதான் எங்கள் வீட்டில் இதை உட்கார்ந்து பேசினோம். அன்று ஒரு முடிவு எடுத்தோம். புதிதாக எந்தப் பழக்கம் கொண்டுவந்தாலும் அதன் வேலை யாருடையது என்று முதலில் நோட்டில் எழுத வேண்டும். என் பெயர் மட்டுமே வந்தால் அந்தப் பழக்கம் வேண்டாம்.

இப்போது சனிக்கிழமை மாவு என் கணவரும் பெரியவனும் அரைப்பது. டேபிள் டாப் கிரைண்டர் 150 வாட், நாற்பது நிமிடம் ஓடினால் பத்தில் ஒரு யூனிட்தான். செலவெல்லாம் அரிசியும் உளுந்தும். அவர்கள் ஊரில் இல்லாத வாரம் பாக்கெட் மாவுதான் வாங்குகிறோம். நான் அரைப்பதில்லை.

வீட்டு வேலைக்கு வருபவரை நிறுத்தினால் மாதம் இரண்டாயிரம் மிச்சமாகுமே?

அது சிக்கனம் இல்லை. உங்கள் செலவை இன்னொரு வீட்டின் அடுப்பிலிருந்து எடுக்கிறீர்கள். எங்கள் வீட்டுக்கு வரும் அக்காவுக்கு வருடா வருடம் சம்பளம் ஏற்றுகிறோம். அது நோட்டில் எழுதப்படும் செலவு, குறைப்பதற்கான செலவு அல்ல.

வண்டிக்கு பெட்ரோல் போட்டு மாளவில்லை. என்ன செய்யலாம்?

பெண்கள் முதலில் டவுன் பஸ்ஸைப் பாருங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பிறகு திருநங்கையருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இது விரிந்தது. ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழு ஆய்வில் சொன்னார்கள். நான் தினமும் வேலைக்குப் போக ஸ்கூட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது வாரத்தில் நான்கு நாள் பஸ். பதினைந்து நிமிடம் முன்னதாகக் கிளம்ப வேண்டும். மழை நாளிலும் ராத்திரி வேலை முடியும் நாளிலும் ஸ்கூட்டிதான். இலவசம் என்பதால் நடத்துநர் முகம் சுளித்தால்கூட நான் இறங்கிவிட மாட்டேன். அது அரசு கொடுத்த உரிமை.

ஒரு கிலோமீட்டருக்குள் நடை. அதற்கு விளக்கம் வேண்டாம்.

குடிக்கிற தண்ணீருக்கு கேனா, ஃபில்டரா, காய்ச்சுவதா?

முதலில் உங்கள் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால், உப்பைப் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. மெஷின் தேவையில்லை. அது ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும். எங்களுக்கு மாநகராட்சியின் வைகைத் தண்ணீர் வருகிறது. குடிக்கும் அளவுக்கு மட்டும் காய்ச்சி, ஆறவைத்து, மண்பானையில் ஊற்றி வைக்கிறோம். குழாய் வராத வாரத்தில் கேன் வாங்குகிறோம். மண்பானை வைத்ததிலிருந்து ஃபிரிட்ஜை நிமிடத்துக்கு ஒரு முறை திறப்பது நின்றுவிட்டது.

மழைநீர்த் தொட்டி இருக்கிறது, ஆனால் பயன் தெரியவில்லையே?

2003இல் சட்டம் போட்டு எல்லா வீட்டிலும் வைக்கச் சொன்னார்கள். அப்போது வைத்த குழாய்தான் பல வீடுகளில் இப்போதும். உள்ளே மண்ணும் இலையும். எங்கள் வீட்டுக் குழாய் தொட்டியோடு சேரவே இல்லை, சுவரோரம் உடைந்து கிடந்தது. பதினேழு வருடமாக யாரும் பார்க்கவில்லை.

மதுரையில் வருடத்துக்கு சுமார் 850 மில்லிமீட்டர் மழை. 1,000 சதுர அடி மாடியில் விழுவதில் எண்பது சதவீதம் பிடித்தாலே 63,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஐந்து லாரிக்கும் மேல். இதைக் கணக்குப் போட்ட அன்றைக்கே கொத்தனாரைக் கூப்பிட்டேன். குழாய் மாற்றி, கூழாங்கல்லும் மணலும் புதிதாகப் போட்டு, போர்வெல் பக்கத்தில் மழைநீரை இறக்க நான்காயிரம் ஆனது. இப்போது புரட்டாசியில் மாடியைக் கூட்டிக் கழுவி, வலையைச் சுத்தம் செய்வது பிள்ளைகள் வேலை. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு எல்லாம் தயாராக இருக்கும். போன இரண்டு கோடையிலும் லாரி வாங்கவில்லை.

மென்ஸ்ட்ருவல் கப், துணி நாப்கின் எல்லாம் நிஜமாகவே மிச்சமா?

கப் முன்னூறு, நானூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சில வருடம் உழைக்கும். பழகிக்கொள்ள எனக்கு மூன்று மாதம் ஆனது. ஒவ்வொரு சுழற்சிக்கும் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். உடம்புக்கு ஒத்துவரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். இதில் காசுக்காக யாரும் யாரையும் வற்புறுத்தக்கூடாது. மகள் வயதுக்கு வந்தபோது கடை நாப்கின்தான் வாங்கிக் கொடுத்தேன். வளர்ந்த பிறகு அவளே முடிவு செய்வாள்.

மூங்கில் பிரஷ், கண்ணாடி ஜாடி, ஆர்கானிக் சிறுதானியம் என்று ஆரம்பித்தேன், செலவு கூடிவிட்டது. ஏன்?

பொருளை மாற்றினீர்கள், பழக்கத்தை மாற்றவில்லை. எனக்கும் இது நடந்தது. முதல் மூன்று மாதத்தில் ஒரு வரிசை கண்ணாடி ஜாடிகளும் பளபளப்பான பாக்கெட்டில் வந்த வரகும் சாமையும் வாங்கினேன். அந்த 60 நாள் கணக்கில் மளிகை ஆயிரத்து இருநூறு ரூபாய் கூடுதல். ஹார்லிக்ஸ் பாட்டில் போதும் உளுந்துக்கு. கேழ்வரகும் கம்பும் சாதாரண மளிகைக் கடையில், மூட்டையிலிருந்து அளந்து தருகிறார்கள். 2021 டிசம்பரில் அரசு மீண்டும் மஞ்சப்பையை எடுக்கச் சொன்னது. எங்கள் பீரோவில் கல்யாண வீடுகளில் தாம்பூலத்தோடு கொடுத்த பை இருபது இருந்தது. இருப்பதை முதலில் பயன்படுத்துங்கள்.

மருந்துச் செலவைக் குறைக்க முடியுமா?

மருந்தைக் குறைக்காதீர்கள், விலையைக் குறையுங்கள். அத்தைக்கு ரத்த அழுத்த மாத்திரை தினமும். மருத்துவரிடம் கேட்டு, கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் மூலப்பெயரை எழுதி வாங்கினோம். மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் மாநிலம் முழுவதும் ஆயிரம் இடங்களில் திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் விலை வெகுவாகக் குறைவு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. உங்கள் தெருவுக்கு வருபவரை விசாரித்துப் பாருங்கள். கை வைத்தியம் போதும் என்று மாத்திரையை நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது. ஒரு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பத்து வருட மிச்சமும் போய்விடும்.

பிள்ளைகளை லீவில் எங்கே கூட்டிப் போவது? மால் போனாலே ஆயிரம் ரூபாய்.

2023 ஜூலை 15இல் நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். குளுகுளு என்று இருக்கும், குழந்தைகளுக்குத் தனிப் பகுதி. மே மாதம் முழுக்க மதியம் எங்கள் பிள்ளைகள் அங்கேதான். வீட்டில் ஃபேன் ஓடவில்லை, சாப்பாடு டப்பாவில் போகிறது. சின்னவள் அங்கிருந்து வந்து கேட்கும் கேள்விகளுக்கு எங்களால் பதில் சொல்ல முடிவதில்லை என்பதுதான் ஒரே சிரமம்.

எல்லாம் சரி, மொய்க்கு என்ன செய்வீர்கள்?

மதுரைப் பக்கம் யார் நோட்டைத் திறந்தாலும் இந்தக் கேள்வி வரும். கல்யாணம், காதுகுத்து, வீடு குடிபுகல், பூப்புனித நீராட்டு என்று ஆவணியிலும் தையிலும் வாரத்துக்கு இரண்டு பத்திரிகை வருகிறது. இதைக் குறைக்க முடியாது, குறைக்கவும் கூடாது. நாம் வீட்டு விசேஷம் செய்தபோது அவர்கள் செய்தது நம் மொய் நோட்டில் இருக்கிறது. அது வட்டியில்லாக் கடன் மாதிரி, திருப்பித்தான் ஆக வேண்டும்.

நான் செய்தது, எங்கள் காதுகுத்து மொய் நோட்டை எடுத்து, யார் வீட்டில் இன்னும் விசேஷம் பாக்கி என்று ஒரு பட்டியல் போட்டேன். அவர்கள் செய்ததோடு கொஞ்சம் கூட்டி எவ்வளவு செய்ய வேண்டும் என்று எழுதினேன். மொத்தத்தை மூன்று வருடத்துக்குப் பிரித்தால் மாதம் எவ்வளவு என்று வந்துவிட்டது. அதை ஒரு டப்பாவில் தனியாகப் போடுகிறேன். முன்பு தை மாதம் நகைக்கடன் வைத்துத்தான் மொய் செய்வோம். இப்போது அந்த வட்டி இல்லை. பட்டுப்புடவை மட்டும் ஒவ்வொரு விசேஷத்துக்கும் எடுப்பதில்லை. என் தங்கையும் நானும் மாற்றிக் கட்டிக்கொள்கிறோம்.

இப்படி மிச்சம் பிடித்த பணம் எங்கே போகிறது? எங்கள் வீட்டில் கண்ணிலேயே படுவதில்லை.

மிச்சம் வேறு, சேமிப்பு வேறு. பில்லில் 300 ரூபாய் குறைந்தால் அது பையிலேயே இருக்கும். அடுத்த வாரம் பஜ்ஜிக்கும் ரீசார்ஜுக்கும் கரைந்துவிடும். அதனால் ஒவ்வொரு 60 நாள் கணக்கு முடியும்போதும் போன வருடம் இதே கணக்கில் ஆன செலவோடு ஒப்பிட்டு, குறைந்த தொகையை இரண்டாகப் பிரித்து இரண்டு மாதத் தவணையாக அஞ்சலகத்தில் கட்டுகிறோம். அங்கே தொடர் வைப்பு மாதம் 100 ரூபாயிலேயே தொடங்கலாம், ஐந்து வருடம். தவணைத் தொகை மாதாமாதம் மாற்ற முடியாது என்பதால் நாங்கள் நிச்சயம் முடியும் என்கிற தொகைக்கு ஒரு கணக்கும், மீதிக்குச் சாதாரண சேமிப்புக் கணக்கும் வைத்திருக்கிறோம்.

எங்கே தொடங்குவது?

இன்றைக்கு மீட்டர் ரீடிங்கை எழுதுங்கள், தேதியோடு. ஒரு வாரம் வேறு எதையும் மாற்ற வேண்டாம். எதற்குப் பணம் கொடுத்தாலும் எழுதி மட்டும் வையுங்கள், டீ உட்பட. ஏழாவது நாள் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து படியுங்கள். எதை மாற்றுவது என்று அவரவர் வாயால் சொல்லட்டும். எங்கள் வீட்டில் முதலில் சொன்னது அத்தை. தன் அறையில் விடிய விடிய எரியும் குண்டு பல்பை மாற்றச் சொன்னார். அறுபது வாட் பல்ப் அது, ஒன்பது வாட் எல்.இ.டி. போட்டோம்.